பதில் வணக்கம் வரும் வரை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு ஒரு கையேடு இருக்கிறது. தலைக்கவசம், இடுப்பு பெல்ட், மெயின் சுவிட்சுக்குப் பூட்டு எல்லாம் அதில் படத்தோடு இருக்கின்றன. படித்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாத ஒன்றை நான் எழுதித் தருகிறேன். முன்பின் தெரியாதவர்களுக்கு வணக்கம் சொல்வதைப் பற்றி.

சிரிக்க வேண்டும் என்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். நான் சேர்ந்தபோது ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். "இன்னா கலை, லிஃப்ட் ரிப்பேருக்குப் போறியா, கல்யாண மண்டபத்துல பன்னீர் தெளிக்கப் போறியா?" என்று கேட்ட அண்ணன் இன்றும் அதே பட்டறையில்தான் இருக்கிறார். இன்றும் கேட்கிறார்.

வயிற்றில் பிள்ளை இருப்பதால் இனி கொஞ்ச காலம் லிஃப்ட் ஏறி இறங்கும் கிணற்றுக்குள் நான் இறங்க முடியாது. மயிலாப்பூரிலும் ஆழ்வார்பேட்டையிலும் அடையாறிலும் நான் பார்த்துவந்த கட்டடங்கள் உங்கள் கைக்கு வருகின்றன. கட்டடங்களை ஒப்படைக்கும்போது பயத்தையும் சேர்த்து ஒப்படைப்பதுதான் முறை. நான் பயப்படாமல் வேலை பார்த்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. பயமே இல்லை என்று உங்களிடம் சொல்கிற சீனியரோடு ஜோடியாகப் போகாதீர்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா மீன்பாடி வண்டியில் சுமை ஏற்றி ஓட்டினார். அம்மா ஆழ்வார்பேட்டையில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வீட்டு வேலை செய்தார். அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீடுகளை எடுத்து ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகும், இரண்டு பஸ் மாறி அதே கட்டடத்துக்கு வந்தார். அங்கே லிஃப்ட் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. வேலையாட்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நான்காவது மாடிக்குப் படியேறித்தான் போவார். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பலகைகளில் அதுவும் ஒன்று. ஐ.டி.ஐ.யில் என்ன பிரிவு வேண்டும் என்று கேட்டபோது எலக்ட்ரீஷியன் என்றேன். படித்து முடித்ததும் லிஃப்ட் கம்பெனியைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவே இல்லை.

லிஃப்டுக்குள் மனிதர்கள் எப்படி நிற்பார்கள் என்று பார்த்திருப்பீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் சேர்ந்த முதல் வாரம், தரமணியில் ஒரு அலுவலகக் கட்டடம். கிரீஸ் அப்பிய சட்டையோடு நான் உள்ளே நின்றேன். ஏறியவர்கள் எல்லோரும் என்னிடமிருந்து தள்ளித் தள்ளி நின்றார்கள். கடைசியாக ஏறிய ஒரு பெண் மட்டும் என் முகத்தைப் பார்த்து, "குட் மார்னிங். நீங்கதான் இத சரி பண்றவங்களா?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டு மாடி தாண்டி இறங்கிப் போய்விட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அன்று மாலை பஸ்ஸில் இடம் கிடைக்காமல் வீடு வரை நின்றுகொண்டே போனேன், கால் வலிக்கவில்லை. மறுநாளிலிருந்து நானும் சொல்ல ஆரம்பித்தேன். அவ்வளவுதான் இதன் பூர்வீகம்.

அது வெறும் மரியாதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மயிலாப்பூரில் ஒரு மழை நாளில்தான் அது எதற்கெல்லாம் ஆகும் என்று தெரிந்தது.

ஐப்பசி அடைமழை. மத்தியானப் பாத்திரம் தேய்க்க வேலைக்காரப் பெண்கள் வரும் நேரம். மின்சாரம் போய்விட்டது, லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, ஆள் உள்ளே இருக்கிறது என்று அழைப்பு வந்தது. நான் பக்கத்தில் மந்தைவெளியில் இருந்தேன். என்னோடு ஜோடியாக வேலை பார்க்கிறவர் அடையாறில் இருந்தார். இருவரும் தனித்தனி வண்டியில் கிளம்பினோம்.

அது பழைய கட்டடம். நான்கு மாடி. லிஃப்டும் பழையது. உள்ளேயும் வெளியேயும் இழுத்து மூடுகிற இரும்புக் கிரில் கதவு. ஒவ்வொரு முறை எண்ணெய் விடும்போதும் இதை மாற்றச் சொல்லி நாங்கள் எழுதிக் கொடுப்போம், அவர்கள் அடுத்த வருஷம் என்பார்கள். இந்த மாதிரி லிஃப்டில் கிரில் சந்து வழியாகக் கையை விட்டு வெளிக்கதவின் கொக்கியைத் தட்டிவிட முடியும். நல்லது செய்வதாக நினைத்து யாராவது அதைச் செய்துவிடுவார்கள் என்பதுதான் எனக்கு எப்போதும் பயம்.

வாசலில் வாட்ச்மேன் துரை அண்ணன் குடை இல்லாமல் நின்றிருந்தார். "மூணாவது மாடிக்கு மேல நிக்குதும்மா. சாப்பாடு கொண்டாந்த தம்பி ஒருத்தன் உள்ள கீறான்." பிறகு குரலை இறக்கினார். "பவுனம்மாவும் கீது. நாலாவது மாடில வேலை செய்யுது. முட்டி வலின்னு சொல்லிச்சி, நான்தான் ஏறிப் போன்னு வுட்டுட்டேன். மேல ஆரு கைலயும் சொல்லிடாத."

சுவரைப் பார்த்தேன். இங்கேயும் அந்த அறிவிப்பு இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, கீழே குடியிருப்போர் சங்கச் செயலாளர் கையெழுத்தோடு.

படியேறினேன். இரண்டாவது மாடி திரும்பும்போதே கிரில் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. மிச்சப் படிகளை இரண்டிரண்டாகத் தாவினேன்.

மூன்றாவது மாடிக்கு வந்து பார்த்தேன். லிஃப்டின் தரை என் நெஞ்சு உயரத்தில் நின்றிருந்தது. உள்கதவு, வெளிக்கதவு இரண்டும் திறந்திருந்தன. தரை விளிம்பில் ஒரு அம்மாள் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்தார். வெடித்த குதிகால், தேய்ந்த மெட்டி, மழையில் நனைந்த புடவை ஓரம். அந்தக் கால்களுக்குக் கீழே லிஃப்ட் கிணறு வாயைத் திறந்துகொண்டு இருட்டாக இருந்தது. அடியில் எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு இளைஞன் அவருடைய தோளைப் பிடித்திருந்தான். "குதி அக்கா. நான் புடிச்சிகினு கீறன்ல. தோ, தரை கிட்டத்துலதான் கீது."

தரை கிட்டத்தில்தான் இருந்தது. அதுதான் ஆபத்தே. நம் தொழிலில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது, வெளியே இதைத் தெரிந்தவர்கள் கிடையாது. மேலே நிற்கும் லிஃப்டிலிருந்து குதிப்பவர் தரையைத் தொடுவார். தொட்ட வேகத்தில் உடம்பு பின்னால் சாயும். பின்னால் சுவர் இல்லை.

கத்தியிருப்பேன். தொண்டை வரை வந்துவிட்டது. கத்தினால் அவன் திடுக்கிட்டுக் கையை விடுவான், அல்லது அந்த அம்மாள் யாரோ பார்த்துவிட்டார்கள் என்று அவசரமாகக் குதிப்பார். போய்க் காலைப் பிடிக்கலாம் என்றால் உதறினால் நானும் சேர்ந்து போவேன். அந்தக் குதிகால்கள் என் அம்மாவுடைய குதிகால்கள் மாதிரியே இருந்தன. கையேட்டில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. தினமும் வாயில் வருகிற ஒன்றுதான் வந்தது. இரண்டு கையையும் கூப்பினேன்.

"வணக்கம்மா."

அந்தக் கால்கள் சடக்கென்று மேலே போய்விட்டன.

அவர் யோசித்துச் செய்யவில்லை. நம்மில் யாரும் யோசித்துச் செய்வதில்லை. கும்பிட்டு நிற்கிற ஆளுக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு உட்கார நம் ஊரில் பிறந்த யாராலும் முடியாது. காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டு, புடவையை இறக்கிவிட்டு, அவரும் கை கூப்பினார். "வணக்கம்மா. ஐயே, மூஞ்சிக்கு நேரா காலக் காமிச்சிகினு கீறன். தப்பா நெனைக்காத. ஆரும்மா நீ?"

"என் பேரு கலைச்செல்வி. லிஃப்ட் பாக்க வந்திருக்கேன். உங்க பேரு?"

"பவுனு."

"தம்பி, உங்க பேரு?"

"லூர்து. அக்கா, சாம்பார் இட்லி ஆறிப் போச்சு. எனக்கு ஒரு ஸ்டார்தான் வுழும்."

"ஆறின இட்லிக்கு நான் சாட்சி சொல்றேன். இப்ப ரெண்டு பேரும் பின்னால சுவத்துல முதுகு படற மாதிரி நில்லுங்க. உள்கதவ மூடு தம்பி."

அவன் மூடினான். நான் வெளிக்கதவை மூடினேன். மூடிய பிறகு கிரில்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவர்களுக்கு அது நான் கதவைச் சோதிப்பது போலத் தெரிந்திருக்கும்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் வணக்கத்தின் மகிமை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லை.

போனில் ஜோடியைக் கூப்பிட்டேன். அடையாறு பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டிக்குள் தண்ணீர் புகுந்து நின்றுவிட்டதாம். "நான் வர்ற வரைக்கும் தனியா எதுலயும் கை வெக்காத" என்றார். விதியும் அதுதான். ஆனால் மின்சாரம் எந்த நேரமும் திரும்பி வரலாம். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகரக் கூடாது. அந்தப் பழைய லிஃப்ட் நகராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மொட்டை மாடிக்குப் போய் மெயினை அணைத்தே ஆக வேண்டும். நான் அந்தப் பக்கம் போனால் இங்கே கதவை மறுபடி திறக்காமல் யார் பார்த்துக்கொள்வது?

அப்போது பின்னால் ஒரு வீட்டுக் கதவு திறந்தது.

"யாரது? கரண்ட் எப்போ வரும்?" அறுபது வயதிருக்கும். மடிசார் இல்லை, சாதாரண நூல் புடவை. இடது முட்டியைக் கையால் பிடித்தபடி வந்தார். "நீ யாரும்மா? மெக்கானிக்கை அனுப்பச் சொன்னா உன்னை அனுப்பியிருக்கா?"

"நான்தான் மெக்கானிக், மாமி. வணக்கம்."

அவர் என்னைத் தாண்டிக் கிரில் வழியாக மேலே பார்த்தார். "பவுனு? நீ எங்கேடி லிஃப்டுக்குள்ளே? கீழே அவ்வளவு பெருசா எழுதி ஒட்டியிருக்கேனே. படிக்கத் தெரியாட்டா கேட்டுக்கப்படாதோ?"

ஒட்டியிருக்கேனே என்றார். அந்தக் கையெழுத்து இவருடையதுதான்.

உள்ளே பவுனம்மாள் எழுந்துவிட்டார். அவர் குதிக்கப் பார்த்ததே இந்த மாமி கதவைத் திறப்பதற்குள் இறங்கிவிடத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலை போய்விடும் என்ற பயத்துக்கு முன்னால் கிணறு அவர் கண்ணில் படவே இல்லை. "தோ எறங்கிடுறேன் மாமி. தெரியாம ஏறிட்டேன். எறங்கிடுறேன்" என்று சொல்லிக்கொண்டே உள்கதவுக் கொக்கியில் கையை வைத்தார்.

"அக்கா, கைய எடுக்கா. அந்த அக்கா சொல்லிச்சில்ல" என்று லூர்து அவர் கையைப் பிடித்தான். அவர் உதறினார்.

மாமி இன்னொரு வார்த்தை திட்டினால் கதவு திறந்துவிடும். துரை அண்ணன் எனக்கு மேலே வேண்டும், மாமியை உள்ளே அனுப்பிவிட்டால் இங்கே பார்த்துக்கொள்ள ஆளே இல்லை. இரண்டாவது ஆள் இல்லாமல் கை வைக்காதே என்பது விதி. எனக்கு அங்கே கிடைத்த இரண்டாவது ஆள் அவர்தான். ஓரமாக அழைத்துப் போய்க் காதோடு சொன்னேன்.

"மாமி, அவங்க குதிச்சா நேரா கிணத்துக்குள்ள போயிடுவாங்க. உங்க வாசல்ல. நான் மேல போகணும். நான் வர்ற வரைக்கும் அவங்க கதவத் தொடாம நீங்க பாத்துக்கணும்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நானா? என்ன பண்ணணும் நான்?"

"மொதல்ல ஒரு வணக்கம் சொல்லுங்க. அவங்க பேரச் சொல்லி. அப்புறம் எத வேணாலும் பேசுங்க, லிஃப்ட பத்தி மட்டும் பேசாதீங்க. பேச்ச நிறுத்தாதீங்க. உங்க சத்தம் மேல எனக்குக் கேக்கணும்."

"வணக்கமா? பவுனுக்கா?" அவர் மறுத்துச் சொல்லவில்லை. நிஜமாகவே எப்படி என்று தெரியாத குரல். தினமும் பார்க்கிற ஒருத்திக்கு இதுவரை சொல்லாத ஒன்றை எந்த ராகத்தில் ஆரம்பிப்பது? கிரில் முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். கை பாதிதான் கூடியது.

"வணக்கம், பவுனு."

பவுனம்மாள் கொக்கியைப் பிடித்தபடியே மாமியைப் பார்த்தார். பிறகு மிகச் சின்னதாக, "வணக்கம் மாமி."

கொக்கியிலிருந்து கை இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் நான் படியேறினேன்.

துரை அண்ணனை மேலே கூப்பிட்டுக்கொண்டேன். மொட்டை மாடி மோட்டார் அறையில் மெயினை அணைத்துப் பூட்டினேன். மழை கூரையில் அறைந்துகொண்டிருந்தது. மின்சாரம் இல்லாதபோது லிஃப்டைக் கையால் நகர்த்துவது எப்படி என்று உங்களுக்குப் பயிற்சியில் காட்டுவார்கள். ஒருவர் பிரேக் நெம்புகோலை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். நெம்புகோலை விட்டால் லிஃப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும். உள்ளே ஆள் குறைவு, வடத்தின் மறுபக்கம் தொங்கும் எதிர் எடைதான் கனம் என்பதால் மேலே போவதுதான் சுலபம். நான்காவது மாடிக்கு ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். துரை அண்ணன் முன்பு இதைச் செய்திருக்கிறார். "புடின்னா புடிக்கணும், வுடுன்னா வுடணும், அவ்ளோதானே" என்றார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பவுனம்மாளை ஏற்றிவிட்டவர் அவர்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்த அறையிலிருந்து லிஃப்ட் தெரியாது. உள்ளே இருப்பவர் கையை எங்கே வைத்திருக்கிறார், காலை எங்கே நீட்டியிருக்கிறார், எதுவும் தெரியாது. கம்பி வடம் இறங்கிப் போகிற ஓட்டை வழியாகச் சத்தம் மட்டும் வரும். என்னிடம் இருந்த கண் அந்தச் சத்தம்தான்.

"எந்த முட்டிடி வலிக்கறது?"

"ரெண்டும் மாமி."

"நேக்கு இடது. படி இறங்கறச்சே உயிர் போறது. என்ன தடவறே?"

"இன்னாத்த தடவுறது. நல்லெண்ணெய்தான்."

"எனக்கு முட்டி ரெண்டும் நல்லாத்தான் கீது மாமி. வண்டிக்குத்தான் முட்டி போச்சு" என்று லூர்துவின் குரல். யாரோ சிரித்தார்கள். மாமியாகத்தான் இருக்க வேண்டும்.

"புடிங்கண்ணே" என்றேன். சக்கரத்தைச் சுற்றினேன். பேச்சு கேட்கிற வரை ஒரு சுற்று. மறுபடி காது கொடுத்து, மறுபடி ஒரு சுற்று. கால்வாசி தூரம் வந்திருப்போம்.

பேச்சு நின்றது.

மழைச் சத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். குனிந்து ஓட்டையில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை.

"வுடுங்கண்ணே."

"தோ வந்துடுச்சும்மா. இன்னும் கொஞ்சம் சுத்துனா போதும்."

"வுடுங்க."

அவர் விடவில்லை. வேண்டுமென்று இல்லை. பயத்தில் அவருடைய கை நெம்புகோலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் அவருடைய மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். பிரேக் விழுந்தது. படியில் ஓடினேன், ஈரத்தில் ஒரு இடத்தில் வழுக்கி உட்கார்ந்தேன், எழுந்து மறுபடி ஓடினேன்.

வணக்கம் சொன்ன பிறகு நம் வீடுகளில் அடுத்து என்ன செய்வோம்? வாசலில் நிற்பவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்போம். எனக்கு அது தோன்றவே இல்லை. மாமிக்குத் தோன்றிவிட்டது.

அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். டம்ளர் கிரில் சந்தில் நுழையவில்லை. அதனால் சந்து வழியாகக் கொக்கியைத் தட்டி வெளிக்கதவைத் திறந்திருந்தார். உள்கதவை லூர்துவும் பவுனம்மாளும் திறந்திருந்தார்கள். மாமியின் கால்விரல்கள் கிணற்றின் விளிம்பில், குதிகால் தரையில் இல்லை. எக்கி நின்று, லிஃப்டின் தரைக்கும் கதவு நிலைக்கும் நடுவில் மிஞ்சியிருந்த இடைவெளியில் முழங்கை வரை கையை விட்டிருந்தார். வளையல் லிஃப்ட் தரையில் உரசிக்கொண்டிருந்தது. நான் இன்னும் இரண்டு சுற்று சுற்றியிருந்தால் அந்த இடைவெளி இருந்திருக்காது.

"தூக்கிக் குடிக்காதே, புரையேறப் போறது. வாய் வெச்சே குடி, பரவால்லே" என்று மாமி சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த முறையும் கத்தவில்லை. பின்னால் போய் அவர் இடுப்பை ஒரு கையால் மெதுவாக அணைத்துப் பிடித்துக்கொண்டேன். "மாமி, எனக்கும் கொஞ்சம் தண்ணி தருவீங்களா? தொண்டை காஞ்சு போச்சு."

"அடடா, இருடிம்மா." பவுனம்மாளிடமிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு கையை வெளியே எடுத்தார். குதிகால் தரைக்கு வந்தது. என்னைப் பார்த்துத் திரும்பினார். நான் அவரை அப்படியே இரண்டடி இந்தப் பக்கம் கொண்டுவந்து கதவை மூடினேன். பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். டம்ளரில் மிச்சம் இருந்த தண்ணீரை நான் குடித்தேன். நிஜமாகவே தொண்டை காய்ந்துதான் போயிருந்தது.

என் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி வெளிக்கதவைக் கட்டினேன். லூர்துவிடம் உள்கதவை மூடச் சொல்லி, அதன் மேல் முதுகை வைக்காமல் நடுவில் நிற்கச் சொன்னேன். "மாமி, பேச்சு மட்டும்தான். காப்பி, தண்ணி எதுவும் வேணாம்."

"பேசறேன். நீ போ" என்றார்.

மிச்சத் தூரத்தில் ஒரு நொடிகூடப் பேச்சு நிற்கவில்லை. மாமி என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசினார். ரசப்பொடி, மருமகள், மழையில் காயாத துணி, எல்லாம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பவுனம்மாளிடமிருந்து "ஆமா மாமி" வந்தது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நான் அந்த ஆமாவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வடத்தில் நான்காவது மாடிக்கென்று போட்டிருந்த வண்ணக் குறி நேராக வந்து நின்றது.

நான்காவது மாடிக்கு இறங்கி வந்தேன். அங்கே ஒரு வீட்டுக்காரர் நின்றிருந்தார். பவுனம்மாள் வேலை செய்கிற வீடு அவருடையதுதான். கதவைத் திறந்தேன். லூர்து முதலில் வந்தான். பையை நெஞ்சோடு அணைத்திருந்தான். பவுனம்மாள் வாசல்வரை வந்துவிட்டு, அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சமதளம்தான், ஆனாலும் கால் வைக்கவில்லை.

"இவங்கள யாரு லிஃப்ட்ல ஏறச் சொன்னது?" என்றார் அவர் என்னிடம். "ரூல்னு ஒண்ணு போட்டிருக்கோம்ல?"

துரை அண்ணன் என் பின்னால் நின்றிருந்தார். அவர் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. நான் என்ன சொன்னாலும் இவர்களில் ஒருவருக்கு வேலை போகும்.

படியில் காலடிச் சத்தம். ஒரு படிக்கு ஒரு முறை நின்று நின்று வந்தது. மாமி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் இன்னும் அந்த டம்ளர். கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"நான்தான் ஏறிப் போகச் சொன்னேன்" என்றார். "செக்ரட்டரி நான்தானே? முட்டி வலின்னா. ஏறிக்கோன்னேன். உங்களுக்கு ஏதாவது கேக்கணும்னா என்னைக் கேளுங்கோ."

வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார். பவுனம்மாள் அப்போதுதான் வெளியே கால் வைத்தார்.

நான் கீழே போய் வண்டியின் மேல் உட்கார்ந்தேன். மழை நின்றபாடில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். லூர்து தன் வண்டியை உதைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். "அக்கா, வணக்கம்" என்றான். அது போதுமானதாக இருந்தது. எழுந்து வண்டியை எடுத்தேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் செய்ததை அப்படியே செய்யாதீர்கள், ஜோடி இல்லாமல் சக்கரத்தைத் தொடாதீர்கள். ஆனால் நின்றுபோன லிஃப்ட் முன்னால் போய் நிற்கும்போது, பையைத் திறப்பதற்கு முன்னால் வாயைத் திறங்கள். வணக்கம் சொல்லிப் பெயரைக் கேளுங்கள். உங்கள் குரல் நடுங்கும், பரவாயில்லை, உள்ளே இருப்பவர்களின் குரலும் நடுங்கும். நமக்குத் தைரியம் வந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். வணக்கத்துக்குத் தைரியம் தேவையில்லை, அது வாய்ப்பழக்கம். அந்தப் பழக்கம் நல்ல நாளில், வாட்ச்மேனிடமும் பால்காரரிடமும் லிஃப்டில் கூட நிற்பவரிடமும் சொல்லிச் சொல்லித்தான் வரும். சொன்ன பிறகு பதிலுக்குக் காத்திருங்கள். பதில் வந்தால் வேலையைத் தொடங்குங்கள். பதில் நின்றால் கையை எடுத்துவிடுங்கள்.

அந்தக் கட்டடத்தில் அறிவிப்பு இன்னும் இருக்கிறது. அதை எடுக்கச் சங்கக் கூட்டம் போட வேண்டுமாம். நீங்களும் பார்ப்பீர்கள்.

அடுத்த முறை எண்ணெய் விடப் போனபோது நான் லிஃப்டுக்குள் நின்று மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடியைத் தாண்டும்போது மாமியின் குரல் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. "யாரு, பவுனா?" நான் பதில் சொல்வதற்குள் கடந்துவிட்டேன். தரைத்தளத்தில் கதவைத் திறந்தால் எதிரே பவுனம்மாள் நின்றிருந்தார், கையில் ஒயர் கூடையோடு.

"வணக்கம்மா" என்றேன்.

"வணக்கம் கண்ணு." லிஃப்டுக்குள் ஏறி, முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். பிறகு தன் பாதங்களைக் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்துக்க. இன்னிக்கு காலு தரையிலதான் கீது."